கணைக்கால் எலும்பு முறிவுச் சிகிச்சை: யாழ்ப்பாணக் குடாநாட்டு வரலாறு

உடலின் நீண்ட எலும்புகளுள் அடிக்கடி முறிவது கணைக்கால் உள்ளெலும்பு. அதன் முன்புறத்தைத் தோல் மட்டுமே போர்த்தியிருக்கிறது. தசைக் காப்பு கிடையாது. அதனால் முறிந்த முனை தோலைக் கிழித்துக்கொண்டு வெளிவருவது இங்கேதான் மிகுதி. கீழ்ப்பகுதிக்கு இரத்தவோட்டமும் குறைவு. எந்த முறை சிறந்தது என்ற நெடுங்கால விவாதத்தில் எலும்பை விட அதன்மேலுள்ள தோலும் சதையுமே பெரும்பாலும் விடையைத் தீர்மானித்திருக்கின்றன.

குடாநாட்டில் இந்த முறிவை நெடுங்காலம் கவனித்தவர்கள் முறிவு நெரிவு வைத்தியர்கள். இழுத்துப் பொருத்தி, சிம்பு வைத்துக் கட்டி, பத்துப் போட்டு, எண்ணெய் விட்டு ஆற்றும் முறை அவர்களுடையது. மூடிய, விலகாத முறிவுக்கு அது பலருக்குக் கைகொடுத்தது. கத்தியில்லாமல் ஆற்றும் வழியை மேலைநாட்டு வைத்தியமும் கைவிடவில்லை. சர்மியென்டோ என்ற வைத்தியர் 1967 இல் வெளியிட்ட முறையில், நோயாளி கட்டோடு காலூன்றி நடந்தபடியே எலும்பு பொருந்தியது. ஆனால் கட்டு அளவுக்கு மீறி இறுகினால் இரத்தவோட்டம் நின்று காலே போய்விடும். திறந்த காயத்தின்மேல் கட்டுவது அதைவிட ஆபத்து.

மேலைச் சத்திரசிகிச்சை அமெரிக்க மிஷனோடு இங்கு வேரூன்றியது. 1847 இல் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் வைத்தியக் கல்வியைத் தொடங்கி, பின்னர் தமிழிலேயே கற்பித்தார். யாழ்ப்பாண நகரில் 1850 இல் அரசாங்க அதிபர் டைக்கின் முயற்சியால் எழுந்த வைத்தியசாலையே இன்றைய போதனா வைத்தியசாலையின் முன்னோடி. ட்ரூயிட் எழுதிய சத்திரசிகிச்சை நூலைக் கிறீன் ‘இரண வைத்தியம்’ என்ற பெயரில் 1867 இல் தமிழில் தந்தார். அதே ஆண்டில்தான் காயத்தில் சீழ் பிடிக்காமல் காப்பது பற்றிய ஜோசப் லிஸ்டரின் கட்டுரைகள் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தன. லிஸ்டரின் புகழ்பெற்ற முதல் வெற்றியும் ஒரு கணைக்கால்தான்: 1865 ஓகஸ்டில் கிளாஸ்கோவில் வண்டிச் சக்கரம் ஏறிய 11 வயதுச் சிறுவனின் திறந்த முறிவை, கார்பாலிக் அமிலத் துணியால் மூடிச் சீழ் பிடிக்காமல் ஆற்றினார். அதுவரை அத்தகைய காலை வெட்டியெடுப்பதே வழக்கம். அந்தக் காலகட்டத்திலேயே சத்திரசிகிச்சையைத் தமிழில் படிக்கும் மாணவர்கள் மானிப்பாயில் இருந்தார்கள் என்பது நம் வைத்திய வரலாற்றில் பெருமையோடு நினைக்க வேண்டிய செய்தி.

எலும்பை உள்ளேயே நிலைநிறுத்தும் கருவிகள் இருபதாம் நூற்றாண்டில் வளர்ந்தன. ஜெர்மனியின் குன்ட்ஷர் 1939 இல் தொடை எலும்பின் மச்சைக் குழியில் ஆணி செலுத்தினார். பின்னர் இரு முனையிலும் திருகாணி பூட்டும் ஆணிகள் வந்தபின் கணைக்காலின் நொறுங்கிய முறிவுக்கும் அது பொருந்தியது. தகடும் திருகும் வைக்கும் முறையை 1958 இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கிய ஏ.ஓ. குழு ஒழுங்குபடுத்தியது. சோவியத் நாட்டின் இலிசாரோவ் 1950களில் வளையச் சட்டத்தை உருவாக்கினார். இழந்த எலும்பை மெல்ல இழுத்து வளர்க்க இன்றும் அது பயன்படுகிறது.

குடாநாட்டில் போர்க்காலம் இந்தத் தெரிவுகளைக் குறுக்கியது. 1987 ஒக்டோபர் 21, 22 ஆம் திகதிகளில் இந்தியப் படையினர் யாழ். போதனா வைத்தியசாலைக்குள் புகுந்து வைத்தியர்களையும் தாதியரையும் நோயாளரையும் சுட்டுக் கொன்றனர். 1990 இலிருந்து போர்க்காலத்தில் தேசிய மின்வழங்கலும் இருக்கவில்லை; மருந்துக்கும் தட்டுப்பாடு இருந்தது. ஆணி செலுத்துவதற்கு வழமையாக வேண்டிய எக்ஸ்ரே திரைக்கு மின்சாரம் வேண்டும். தோலுக்கு வெளியே கம்பிச் சட்டம் பூட்டுவதற்கு அது கட்டாயமில்லை. ஷெல் துண்டும் கண்ணிவெடியும் மண்ணோடு சேர்த்துக் கிழித்த காலில், காயத்தைத் திறந்தே வைத்துக் கழுவி, சில நாள் கழித்து மூடுவதும் வெளிச்சட்டம் பூட்டுவதுமே உலகெங்கும் போர்க்காய வைத்தியத்தின் நெறி. காப்பாற்ற முடியாத கால்களுக்காக 1987 இல் யாழ். ஜெய்ப்பூர் நிறுவனம் செயற்கைக்கால் செய்யத் தொடங்கியது.

இன்று தண்டுப்பகுதி முறிவுக்கு ஆணியே முதல் தெரிவு. குழியைக் குடைந்து தடித்த ஆணி வைப்பதா, குடையாமல் வைப்பதா என்பதை 1,226 நோயாளரில் ஆராய்ந்த 2008 ஆய்வு, மூடிய முறிவில் குடைவதே நல்லது என்றது. திறந்த முறிவில் அந்த மேன்மை தெரியவில்லை. கணுக்காலை அண்டிய முறிவில் ஆணியையும் தகட்டையும் ஒப்பிட்ட 2017 ஆம் ஆண்டுப் பிரித்தானிய ஆய்வில், மூன்றாம் மாதத்தில் ஆணி முந்தினாலும் ஆறாம் மாதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆணி வைத்தவருக்கு முழங்கால் நோ நீடிக்கலாம். தகடு வைத்த இடத்தில் புண் ஆறத் தாமதிக்கலாம். வெளிச்சட்டத்தில் கம்பித் துளைகள் சீழ் பிடிக்கலாம்.

எலும்பு தோலைக் கிழித்திருந்தால், அல்லது கட்டிய பின் விரல் மரத்து வலி ஏறினால், பத்தும் எண்ணெயும் தேடி நேரம் போக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து பிந்தும் ஒவ்வொரு மணிநேரமும் அந்தக் காலுக்கு ஆபத்து.