பிரார்த்தனையை நிறுத்திய காந்திஜி

1947 ஏப்ரல் தொடக்கத்தில் தில்லி வால்மீகி மந்திரில் காந்திஜியின் மாலைப் பிரார்த்தனைக் கூட்டங்கள் நடந்தன. பஞ்சாபில் கலவரம் மூண்டிருந்த சமயம். குர்ஆன் பகுதியை ஓதத் தொடங்கியதும் கூட்டத்தில் ஆட்சேபக் குரல் எழுந்தது. ஆட்சேபித்தவரை மற்றவர்கள் வெளியேற்ற முயன்றனர். காந்திஜி அதற்கு இடம் தரவில்லை; அன்றைய பிரார்த்தனையையே நிறுத்திவிட்டார். ஆனால் குர்ஆனை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் ஓதவும் அவர் சம்மதிக்கவில்லை. சில நாட்களில் எதிர்ப்பு அடங்கி, பிரார்த்தனை முழுமையாக நடந்தது.

செப்டம்பரில் அவர் திரும்பியபோது அப்பகுதியில் அகதிகள் நிறைந்திருந்ததால் பிர்லா மாளிகையில் தங்கினார். 1948 ஜனவரி 13-இல் அங்கு தொடங்கிய உண்ணாவிரதத்தை, பல தரப்புத் தலைவர்களும் அமைதி காப்பதாக எழுதிக் கொடுத்த பிறகே, 18-ஆம் தேதி முடித்தார். ஜனவரி 30 அன்று பிரார்த்தனைக்கு நடந்து வரும்போதே சுடப்பட்டார்.

அம்மாளிகை இன்று காந்தி ஸ்மிருதி. அங்கு ஒரு ஜனவரி 30 மாலை ஸர்வ மதப் பிரார்த்தனைக்கு நானும் சென்றிருந்தேன். தலைவர்கள் வந்திருந்தார்கள், எல்லா மத நூல்களிலிருந்தும் ஓதினார்கள். ஆட்சேபிக்க யாருமில்லை. விஞ்ஞானம் படித்தவன் அல்லவா, எதிர்ப்பே இல்லாத இடத்தில் எதைப் பரீட்சிப்பது என்று தோன்றியது.

நாமும் கூட்டுப் பிரார்த்தனைகளுக்கு வட்டாரத் தலைவர்களை அழைத்துப் பொன்னாடை போர்த்துகிறோம். மனஸ்தாபத்தால் ஒதுங்கி நிற்கும் அங்கத்தினரின் வீட்டுக்கும் ஒருமுறை நேரில் போய் அழைத்தால், அதுவே பிரார்த்தனையின் முதல் பகுதி.