எட்டில் ஒருத்திக்காக

வைத்திய வரலாறு பெரும்பாலும் வெற்றிகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. அவ்வெற்றிகளை நாடுகையில் யாருடைய உடல்கள் பணயம் வைக்கப்பட்டன என்பதையும் நாம் கேட்டாக வேண்டும்.

1865ஆம் ஆண்டில் நேப்பிள்ஸ் நகரில் லூயிஜி டி கிரெக்கியோ என்னும் வைத்தியர், ஆணாக வாழ்ந்து மடிந்த ஒருவரின் சடலத்தை அறுத்துப் பார்த்தார். உள்ளே கருப்பையும் சூலகங்களும் இருந்தன. அதிரீனற் சுரப்பிகள் பெருத்திருந்தன. பரம்பரையாக வரும் அச்சுரப்பிக் கோளாற்றின் பழைய சான்று அது. இந்நோயில் கோட்டிசோல் என்னும் ஓமோன் குறைகிறது. ஆண்மை ஓமோன்கள் மிகுகின்றன. பெண் சிசுவின் வெளியுறுப்புகள் கருவிலேயே ஆணுருவை அணுகுகின்றன. கடுமையான வகையில் உடலின் உப்பு வெளியேறிச் சிசு இறக்கவும் கூடும். 1950இல், பால்ரிமோர் நகரில் லோசன் வில்கின்சும் அவர் சகாக்களும் கோட்டிசோனால் இந்நோயை அடக்கலாமெனக் காட்டினர். சாவின் வாயிலிலிருந்து குழந்தைகள் மீண்டனர். அது ஐயமற்ற வெற்றி.

1984இல் வந்தது வேறொரு முயற்சி. தாய்க்கு டெக்சாமெதசோன் கொடுத்துக் கருவிலுள்ள பெண் சிசுவின் உறுப்பு மாற்றத்தைத் தடுக்கலாமெனப் பிரான்சின் லியோன் நகர் ஆராய்ச்சியாளர் அறிவித்தனர். இது நோயைத் தீர்ப்பதன்று. பிறந்தபின் வாழ்நாள் முழுவதும் மருந்து வேண்டியதே. உறுப்பின் தோற்றத்தைக் காப்பதும், பின்னர் வரக்கூடிய சத்திரசிகிச்சையைத் தவிர்ப்பதுமே நோக்கம்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். பெற்றோர் இருவரும் நோயின் மரபணுவைக் காவினால் நான்கில் ஒரு குழந்தைக்கே நோய் வரும். அதிலும் பாதியே பெண்கள். உறுப்புகள் உருவாகுமுன், ஏறக்குறைய ஒன்பதாம் வாரத்துக்குள், மருந்து தொடங்கவேண்டும். சிசுவின் பாலும் நோயும் அதன் பின்னரே சோதனையில் தெரியவந்தன. ஆகவே, எட்டில் ஒருத்திக்காக ஏனைய எழுவரும் சில வாரங்களேனும் அம்மருந்தைத் தாங்கினர். தாயின் இரத்தத்திலேயே சிசுவின் பாலை அறியும் முறை பிற்காலத்தில் வந்து ஆண் சிசுக்களுக்கு இதைத் தவிர்க்க வழிசெய்தது. எனினும் நோயற்ற பெண் சிசுக்களின் வினா எஞ்சியது.

கர்ப்பிணிகளுக்குக் கொடுத்த மருந்தின் விளைவு ஒரு தலைமுறை கழித்தும் வெளிப்படும் என்பதை உலகம் அறியாததன்று. டயெதில்ஸ்ரில்பெஸ்ற்றோலை உட்கொண்ட தாய்மாரின் புதல்வியரிடம் அரிய புற்றுநோய் தோன்றியதை 1971இல் பொஸ்ரன் வைத்தியர் வெளியிட்டனர். சுவீடனில் 2007இல் வெளியான ஆய்வொன்று, கருவில் டெக்சாமெதசோன் பெற்று நோயின்றிப் பிறந்த பிள்ளைகளிடம் சொல்நினைவுக் குறை இருக்கலாமெனக் காட்டியது. ஆய்வு சிறிது, பின்வந்த ஆய்வுகள் அனைத்தும் அதை உறுதிப்படுத்தவுமில்லை. ஆயினும் 2010இல் சுவீடன் வைத்தியர் இச்சிகிச்சையை நிறுத்தினர். அதே ஆண்டிலும் 2018இலும் அமெரிக்க அகஞ்சுரப்பியியற் சங்கம் இதனைப் பரிசோதனை நிலையிலுள்ளதாகவே வகுத்தது.

முதற் பிள்ளையின் துயரைக் கண்ட தாய் இம்மருந்தை விரும்பினால் அவளைப் பழிப்பது அறமன்று. பெண்ணுடல் இன்னவாறுதான் இருக்கவேண்டுமென்று விதிக்கும் சமூகத்தின் அச்சமும் அவள் தோளில் ஏறியிருக்கிறது. தெரிந்ததோடு தெரியாததையும் அவளுக்குச் சொல்வதும், மருந்துண்ட ஒவ்வொரு பிள்ளையையும் வளரும்வரை கவனித்துப் பதிவுசெய்வதும் வைத்தியத்தின் கடமை. அக்கடமை தவறினால், தாயின் சம்மதம் வெறும் கையெழுத்தே.