35 வயதுக்குப் பின் பிள்ளைப்பேறு: தெரிந்திருக்க வேண்டியவை

2025இல் ஒருநாள், கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு கர்ப்பவதி கிளினிக்கில் அக்காவோடு இருந்தேன். மருத்துவமாது அட்டையில் வயது 39 என்று எழுதி, அதன் கீழே கோடு போட்டார். அது முதல் பிள்ளை. பக்கத்து வாங்கில் இருந்த பெண், "ஏன் அக்கா இவ்வளவு காலம் விட்டீங்க?" என்று கேட்டாள். அக்கா பதில் சொல்லவில்லை. 2009 மே மாதம் வன்னியிலிருந்து வெளியே வந்தபோது அவளுக்கு 23 வயது. அதன் பிறகு முகாம், அம்மாவின் வைத்தியம், என்னுடைய படிப்பு. கலியாணம் 37 வயதில்தான் நடந்தது. அத்தானுக்குக் கண்டியில் வேலை என்பதால் இங்கு வந்தாள்.

எங்களில் இப்படிப் பலர் இருக்கிறார்கள். போரில் பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு மறுபடி தாயாக நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே, அக்காவுக்காக நான் தேடி அறிந்தவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஏன் 35?

35 வயதில் ஒரே நாளில் எதுவும் மாறுவதில்லை. பெண் பிறக்கும்போதே அவளுடைய கருமுட்டைகள் எல்லாம் உடலில் இருக்கின்றன. வயதோடு அவற்றின் எண்ணிக்கையும் தரமும் குறைகின்றன. அந்தக் குறைவு 35ஐ ஒட்டி வேகமெடுப்பதால் வைத்தியர்கள் அதை ஓர் எல்லையாக வைத்திருக்கிறார்கள். 35 வயதைக் கடந்தவர்கள் 6 மாதம் முயன்றும் கரு தங்கவில்லையென்றால், ஒரு வருடம் காத்திருக்காமல் வைத்தியரை நாடுவது நல்லது.

ஆபத்து எவ்வளவு?

கருச்சிதைவு 30 வயதுக்கு உட்பட்டவர்களில் சுமார் 10 சதவீதம். 40ஐத் தாண்டினால் மூன்றில் ஒன்று அளவுக்குப் போகிறது. தொடக்க மாதங்களில் நடப்பவற்றில் பெரும்பாலானவை நிறமூர்த்தக் கோளாறால் வருபவை. பாரம் தூக்கியதாலோ பயணம் செய்ததாலோ வந்தவை அல்ல.

டவுன் சின்ட்ரோமுடன் பிள்ளை பிறக்கும் வாய்ப்பு 25 வயதில் ஏறக்குறைய 1250இல் ஒன்று, 35இல் 350இல் ஒன்று, 40இல் 100இல் ஒன்று. அதாவது 40 வயதிலும் 100 பேரில் 99 பேருக்கு அது இல்லை.

வயிற்றிலேயே பிள்ளை இறக்கும் ஆபத்து, 39, 40ஆவது வாரங்களில், 35க்குக் கீழ்ப்பட்ட தாய்மாரில் 1000க்கு 1. 40ஐத் தாண்டியவர்களில் 1000க்கு 2. "இரண்டு மடங்கு" என்று கேட்டால் நெஞ்சு பதறும். எண்ணைப் பார்த்தால் அளவு புரியும். இதனால்தான் 40 வயதைக் கடந்தவர்களுக்கு 39, 40ஆவது வாரத்தில் மருந்து கொடுத்துப் பிரசவத்தை வரவைக்க வைத்தியர்கள் யோசனை சொல்வதுண்டு.

கர்ப்பகால சீனி வருத்தம், உயர் இரத்த அழுத்தம், நச்சுக்கொடி கீழிறங்கி இருத்தல், சிசேரியன் ஆகியவையும் வயதோடு கூடுகின்றன. முதல் இரண்டும் நேரத்துக்குக் கண்டுபிடித்தால் பெரும்பாலும் கட்டுப்படுத்தக்கூடியவை.

என்ன செய்யலாம்?

கரு தங்குவதற்கு ஒரு மாதம் முன்பே ஃபோலிக் அமிலக் குளிசை தொடங்குங்கள். மாதவிடாய் தள்ளிப்போனதும் உங்கள் பகுதி மருத்துவமாதுவிடம் (வடக்கில் குடும்பநல உத்தியோகத்தர்) பதியுங்கள். அரச கிளினிக்கில் கட்டணம் இல்லை. வெட்கப்பட்டு மூன்று, நான்கு மாதம் மறைத்து வைப்பதுதான் பெரிய இழப்பு. இரத்த அழுத்த ஆபத்துக் கூடியவர்களுக்குக் கொடுக்கும் குறைந்த அளவு அஸ்பிரினை 20 வாரத்துக்கு முன்பே தொடங்கவேண்டும். அது வேண்டுமா என்பதை வைத்தியரே முடிவு செய்யவேண்டும். குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சீனிப் பரிசோதனையை 24 முதல் 28 வாரத்துக்குள் தவறவிடாதீர்கள்.

குறைபாடு கண்டறியும் ஸ்கேனுக்குப் போகுமுன் ஒன்றைத் தெரிந்திருங்கள். இலங்கையில் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைப்படி தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே கருக்கலைப்புக்கு இடமுண்டு. ஆனாலும் ஸ்கேன் பயனற்றதல்ல. டவுன் சின்ட்ரோம் உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இருதயக் குறைபாடு இருக்கும். முன்கூட்டியே தெரிந்தால் பிரசவத்தைப் பெரிய வைத்தியசாலையில் திட்டமிடலாம். கண்டிப் பகுதியில் கண்டி தேசிய வைத்தியசாலையும் பேராதனை போதனா வைத்தியசாலையும் இருக்கின்றன. பேராதனையிலேயே சிறுவர் வைத்தியசாலையும் உண்டு.

கடும் தலையிடி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகமும் கையும் திடீரென வீங்குதல், இரத்தப்போக்கு, பிள்ளையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

சிங்களத்தில் சொன்னது விளங்காவிட்டால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. தமிழில் விளக்கம் கேட்பது உங்கள் உரிமை.

அக்காவுக்கு 26ஆவது வாரத்தில் சீனி கூடியிருப்பது தெரிந்தது. சோற்றைக் குறைத்தாள், பின்னேரங்களில் நடந்தாள், ஊசி தேவைப்படவில்லை. 39ஆவது வாரத்தில் சிசேரியன். மகள் சுகமாக இருக்கிறாள். அக்காவிடம் அன்று கேட்கப்பட்ட கேள்வியை, கிளினிக் வாங்கில் இருக்கும் இன்னொருத்தியிடம் நாங்கள் கேட்காமல் இருப்போம்.