கரைஞ்சது எங்கே போச்சு?

சாமளாபுரம் குளக்கரையில் நானும் பிரிண்டிங் பட்டறையில் வேலை பார்க்கும் நண்பரும் உட்கார்ந்திருந்தோம். அவர் கையில் ஒரு 'பர்ன் அவுட்' துணி. பாலியஸ்டரும் பருத்தியும் கலந்த துணியில் அமிலப் பசையை அச்சடித்துச் சூடேற்றினால், பசை பட்ட இடத்தில் பருத்தி மட்டும் கருகும். அலசியதும் அந்த இடத்தில் பாலியஸ்டர் மட்டும் கண்ணாடி மாதிரி நிற்கும்.

"நாங்க பூ போடறதில்லைங்க. பருத்தியைத் தின்ன வெக்கிறோம், பூ தானா வந்துடுது" என்றார்.

இதே வித்தையைக் கண்ணுக்குத் தெரியாத படிகங்களில் செய்தவர்களின் கதையை அவருக்குச் சொன்னேன். இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

1756-இல் சுவீடன்காரர் குரோன்ஸ்டெட் ஒரு கனிமத்தைச் சூடாக்கியபோது அது நீராவி விட்டுக் கொதித்தது. 'கொதிக்கும் கல்' என்று பொருள்படும்படி கிரேக்கத்தில் ஜியோலைட் எனப் பேர் வைத்தார். அந்தத் தண்ணீர் இருந்தது கல்லின் உள்ளே ஓடும் நுண்துளைகளில். பிறகு மனிதர்களே ஜியோலைட் செய்யக் கற்றுக்கொண்டார்கள். 1972-இல் மொபில் நிறுவனம் காப்புரிமை பெற்ற இசட்எஸ்எம்-5 அதில் பேர்போனது. துளையின் அகலம் அரை நானோமீட்டர் சொச்சம்தான். அதுதான் அதன் பலம், அதுவே தொல்லையும்கூட. மூலக்கூறுகள் உள்ளே போய் வரத் திணறும். நடுப்பகுதி பெரும்பாலும் சும்மா கிடக்கும்.

1992-இல் அதே மொபிலில் டெஸ்ஸாவும் சகாக்களும் பெரிய இசட்எஸ்எம்-5 படிகங்களைச் சூடான சோடியம் கார்பனேட் கரைசலில் போட்டார்கள். படிகத்துக்குள் அலுமினியம் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதுதான் நோக்கம். நடுப்பகுதி கரைந்துபோய், ஓடு மட்டும் மிஞ்சியது. அலுமினியம் விளிம்பில் குவிந்திருந்தது. அதைச் சுற்றியுள்ள எதிர்மின்னூட்டம் காரத்தின் ஹைட்ராக்சைடைத் தள்ளி வைக்கும். அது குறைவாக உள்ள உட்புறச் சிலிக்காவைத்தான் காரம் தின்றது. பருத்தியும் பாலியஸ்டரும் மாதிரியேதான்.

2005-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்டில் குரோனும் குழுவினரும் இதையே திட்டமிட்டுச் செய்து வெற்றுப் படிகங்களை உருவாக்கினார்கள். இந்த வேலைக்கு வழக்கமாக எடுக்கும் கரைசல் லிட்டருக்கு 8 கிராம் காஸ்டிக் சோடா, 65 டிகிரி, அரை மணி நேரம். நம்ம ஊர்ச் சலவைப்பட்டறையில் மூட்டை மூட்டையாக இறங்கும் அதே காஸ்டிக்.

கதையைக் கேட்டுவிட்டு நண்பர் ஒன்றே ஒன்று கேட்டார்: "சரிங்க, கரைஞ்சது எங்க போச்சு?"

திருப்பூர்க்காரர் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்? டெஸ்ஸாவ் படிகத்தைக் கரைத்த அதே 1992-இல்தான் நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை வந்தது. பாசனத்துக்குக் கட்டிய அணையில் சாயத்தண்ணி தேங்கியது. விவசாயிகளே அந்தத் தண்ணீர் வேண்டாம் என்றார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீரைச் சொட்டுகூட வெளியே விடாமல், தண்ணீரையும் உப்பையும் பிரித்தெடுத்துத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்கு வந்த பிறகே பட்டறைகள் ஓட முடிந்தது.

படிக உலகத்திலும் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் உண்டு. வாங், லின், துவெல் ஆகியோர் 2007-இல் டைட்டானியம் கலந்த டிஎஸ்-1 படிகத்தைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் காஸ்டிக்குக்குப் பதில், அந்தப் படிகத்தை வளர்க்க உதவும் கரிமக் காரத்தையே பயன்படுத்தினார்கள். உள்ளே கரைந்த சிலிக்கா வெளியே வந்து, ஓட்டின் மேலேயே மறுபடி படிகமானது. நடு காலியானது, சுவர் வளர்ந்தது. இத்தகைய வெற்று டிஎஸ்-1 சீனாவில் நைலானின் மூலப்பொருளான கேப்ரோலாக்டம் தயாரிப்புக்குப் போகிறது.

இதைச் சொன்னதும் நண்பர் சிரித்தார். "அவங்க கரைச்சதை அவங்க செவுத்துக்கே பூசிட்டாங்க. நாங்க அதுக்குக் கோர்ட்டு வரைக்கும் போக வேண்டியதாப் போச்சு."

ஆனாலும் முழுசாக முடியவில்லை. சுத்திகரிப்பு நிலையங்களில் பிரிக்க முடியாத கலப்பு உப்பு இன்னும் மிஞ்சத்தான் செய்கிறது. அதற்குச் சுவர் இன்னும் அமையவில்லை.