ப்ளாக் எடுத்த பிறகு

என்னிடம் நாற்பத்திரண்டு தாள்கள் இருக்கின்றன. நாற்பத்து மூன்று இருந்திருக்க வேண்டும். அந்த ஒன்று என்ன ஆனது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

எழுபதுகளிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் சிறுவர் பத்திரிகைகளுக்குப் படக்கதை வரைந்த காஞ்சிபுரத்துப் பெரியவர் ஒருவர் கொடுத்தவை அவை. 2018-ல் அவர் வீடு மாறினார். பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட ஒதுக்கிய கட்டுகளுக்கு நடுவே குதிரைத் தலை ஒன்று எட்டிப் பார்த்தது. இழுத்தேன். இந்தியன் இங்க்கில் வரைந்த முழுப்பக்கம்.

"ஐயா, இதையுமா போடுறீங்க?"

"ப்ளாக் எடுத்ததும் செத்த காயிதம் தம்பி. உனக்கு வேணும்னா எடுத்துக்கோ."

அந்தக் காலத்து அச்சுத்தொழிலின் மனநிலை முழுக்க இந்த ஒரு பதிலில் இருக்கிறது. ஓவியர் அச்சில் வரப்போகும் அளவைவிடப் பெரிதாக வரைவார். அதைக் கேமராவில் சுருக்கி எடுத்து, துத்தநாகத் தகட்டில் பதித்து, அமிலத்தில் அரிக்கவிட்டு, மரக்கட்டைமேல் ஆணியடித்தால் அதுதான் ப்ளாக். மெஷினுக்கு அது போதும். ஆஃப்செட் வந்தபோது ப்ளாக் போய் ஃபிலிம் வந்தது, அவ்வளவுதான். இரண்டு காலத்திலும் படம் வேலை முடிந்த காகிதம். கட்டையைப் பத்திரமாக அடுக்கிவைத்த அச்சகங்களில்கூட படம் டீ கிளாஸுக்கு அடியில் கிடந்தது என்று பெரியவர் சொல்வார்.

தினத்தந்தியில் 'கன்னித்தீவு' 1960-லிருந்து ஓடுகிறது. தினம் ஒன்று என்று கணக்குப் போட்டாலே இருபதாயிரத்தைத் தாண்டிவிடும். அதில் ஒரே ஒரு நாள் படத்தின் மூலத்தை நேரில் பார்த்தவர்கள் உங்களில் எத்தனை பேர்? 'அம்புலிமாமா'வில் விக்கிரமனின் தோளில் வேதாளத்தை ஏற்றிய சங்கர் 1952-ல் அங்கே சேர்ந்தார். 2020-ல் மறைந்தார், மறுவருடம் பத்மஸ்ரீ வந்தது. நம் தலைமுறைக்கு அவர் கோடு என்றால் அச்சில் வந்த கோடுதான். முத்து காமிக்ஸ் கதை இன்னும் வேறு. 1972-ல் சிவகாசியிலிருந்து வந்த இரும்புக்கை மாயாவியின் மூலத்தை வரைந்தவர் ஸ்பெயினின் ஹேசுஸ் பிளாஸ்கோ. அந்தக் காகிதம் நம் ஊர்ப்பக்கமே வந்திருக்காது.

வெள்ளைக்காரன் ஊரில் மட்டும் ஒழுங்காக வைத்திருந்தான் என்று நினைக்க வேண்டாம். மார்வெல்லுக்குப் பத்தாயிரம் பக்கங்களுக்கும் மேல் வரைந்த ஜாக் கிர்பி, தன் படங்களைத் திரும்பக் கேட்டுப் பல வருடம் மல்லுக்கட்டினார். 1987-ல் கைக்கு வந்தது ஏறக்குறைய 1,900 பக்கங்கள்.

அச்சான பிரதிகளை நம் வாசகர்கள் காப்பாற்றிவிட்டார்கள். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா தன் வீட்டில் சேர்த்த புத்தகங்கள்தான், அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, 1994-லிருந்து சென்னையில் நூலகமாக நிற்கின்றன. ஒரு தனிமனிதர் வீட்டில் வைத்துக் காப்பாற்றியதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் நமக்கு இல்லை. ஆனால் புத்தகத்தில் ஒரு பிரதி போனால் இன்னொன்று எங்காவது கிடைக்கும். ஓலைச்சுவடிகூட அப்படித்தான். ஏடு இற்றுப்போகும் முன் புது ஏட்டில் பெயர்த்து எழுதிவிட்டால் பாட்டு பிழைத்துக்கொள்ளும். படத்தை அப்படிப் பெயர்க்க முடியாது. அழித்த பென்சில் கோடு, தவறை மறைத்த வெள்ளை, வசன பலூனை வெட்டி ஒட்டிய பசைத் தழும்பு எல்லாம் அந்த ஒரு தாளில் மட்டும்தான் இருக்கின்றன.

இப்போது நாற்பத்து மூன்றாவது தாள்.

ஓரம் பொடிந்துகொண்டிருந்தது. காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று கடைக்கு எடுத்துப்போய் லேமினேஷன் போட்டேன். சூட்டில் ஒட்டியிருந்த பலூன் வழுக்கியது, வெள்ளைப் போஸ்டர் கலர் வெடித்தது. பசை காகிதத்துக்குள் இறங்கிவிட்டதால் பிரிக்கவும் வழியில்லை.

பிறகுதான் படித்தேன், இந்த மடத்தனத்துக்கு ஒரு கௌரவமான வரலாறு உண்டு. அமெரிக்காவில் வில்லியம் பாரோ என்பவர் 1930-களில் பழைய ஆவணங்களை செல்லுலோஸ் அசிடேட் தாளுக்குள் வைத்துச் சூட்டில் அழுத்தும் முறையைக் கொண்டுவந்தார். நம் தேசிய ஆவணக் காப்பகம் மெஷின் இல்லாமல் அசிட்டோன் தொட்டுக் கையாலேயே ஒட்டும் முறையை உருவாக்கியது. நல்ல எண்ணம்தான். ஆனால் காகிதத்தைத் தின்பது வெளியிலிருந்து வருவது மட்டுமில்லை. மலிவான மரக்கூழ்த் தாளில், மை ஊறாமலிருக்கப் படிகாரமும் குங்கிலியமும் சேர்ப்பார்கள். அந்த அமிலம் உள்ளேயே இருந்து நாரை அறுக்கும். பாரோவே அதைக் கண்டுபிடித்து, அமிலத்தை முறிக்காமல் மூடினால் பயனில்லை என்று பிற்பாடு சொன்னார். என் தாள்களிலும் இதுதான் நடக்கிறது. இந்தியன் இங்க் வெறும் கரி, வெளுக்காது. கறுப்பு அப்படியே நிற்க, அதைத் தாங்கும் தாள் பழுத்து உடைகிறது.

இரண்டாவது எதிரி ஈரம். நான் இருப்பது ஸ்ரீபெரும்புதூர்-ஒரகடம் சாலையில். தொழிற்சாலைகளுக்கு நடுவே இன்னும் ஏரிகள் இருக்கிற ஊர்ப்பக்கம். அடையாறு பிறப்பதே இந்த ஏரிகளின் உபரியில்தான். 2015 டிசம்பரில் அது என்ன செய்யும் என்று பார்த்தோம். வெள்ளமே வராவிட்டாலும் ஐப்பசி, கார்த்திகையில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டும். 65-க்கு மேல் போனாலே பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

இதற்கு வழி காட்டியது என் ஷிஃப்ட்தான். எலக்ட்ரானிக்ஸ் லைனில் வேலை. ஈரம் பட்டால் கெடும் பாகங்கள் சிலிக்கா ஜெல்லோடு சீல் வைத்த பையில் வரும், உள்ளே ஒரு சிறு அட்டை. அட்டையின் வட்டம் நீலமாக இருந்தால் உலர்ந்திருக்கிறது, இளஞ்சிவப்பானால் ஈரம் ஏறிவிட்டது. ஐந்து ரூபாய் சாமானுக்கு இவ்வளவு காவல்! நான் மெனக்கெட்டு வாங்கிவந்த படங்கள் பரணில், மொட்டைமாடிக் கான்கிரீட்டுக்கு நேர் கீழே வெந்துகொண்டிருந்தன.

அதே மாதிரி அட்டைகளை வெளியில் வாங்கினேன். இப்போது தாள்கள் குளியலறைச் சுவரை ஒட்டாத இரும்பு பீரோவில், மேல் தட்டில், படுக்கைவாக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் அமிலமற்ற அட்டையோடு ஒரு பாலியெஸ்டர் உறையில். புது ரெக்சின் வாசம் அடிக்கும் பிளாஸ்டிக் உறை பிவிசி, அதைத் தொடவே கூடாது. உறையின் வாய் திறந்தே இருக்கும், மழைக்காலத்தில் மூடினால் ஈரத்தையும் சேர்த்துத்தான் மூடுவோம். ஜெல் போடுகிறேன், ஆனால் எங்கள் லைன் அளவுக்கு உலர்த்துவதில்லை. உலர்ந்தால் வெள்ளைக் கலர் உரியும், 50-ஐ ஒட்டி ஆடாமல் நின்றால் போதும். மாதம் ஒருமுறை எடுத்து ராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பேன். பசை தடவிய இடம்தான் அதற்கு விருந்து. செல்லோ டேப் கிடையாது. ஃப்ரேம் போட்டு வெயில் படும் சுவரில் மாட்டும் ஆசை இருந்தது, ஸ்கேன் பிரிண்ட்டை மாட்டிவிட்டேன்.

போன தை மாதம் கட்டை எடுத்துக்கொண்டு காஞ்சிபுரம் போனேன். பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒரு குதிரையிடம் நின்றார். வயிற்றுக்குக் கீழே கொஞ்சம் வெள்ளை.

"இங்க அஞ்சாவது கால் இருக்கு, பாரு. ராத்திரி ரெண்டு மணிக்குப் போட்டது. எடிட்டர் பார்க்கறதுக்குள்ள மூடிட்டேன்."

வெளிச்சத்தில் சாய்த்தால் அந்தக் கால் தெரிந்தது. ஐம்பது வருடம் யாரும் பார்க்காத கால்.

கடைசித் தாளைத் திருப்பி வைத்துவிட்டு உறையைத் தடவினார். "கோட்டை வாசல் எங்க? ராஜா உள்ள நுழையற பக்கம்?"

சொன்னேன். கடை, சூடு, வழுக்கிய பலூன், எல்லாம். வெகுநேரம் பேசவில்லை. காபி ஆறியது.

"ஏன்டா," என்றார். தம்பி போய் டா வந்திருந்தது. "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? அந்த வாசலை நாலு நாள் வரைஞ்சேன்டா."