கட்டி அல்லாத கட்டி

ஜூஜுவாடியைத் தாண்டினால் கர்நாடகம். எல்லையின் இரு பக்கமும் கல்யாணமான பெண்ணிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “விசேஷம் ஏதும் உண்டா?” பதில் இல்லாதவள் ஒசூரிலோ பெங்களூரிலோ ஸ்கேன் எடுத்து, ‘சினைப்பையில் நீர்க்கட்டி’ என்ற சொல்லோடு வீடு திரும்புகிறாள். அந்தச் சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு.

1935இல் சிகாகோ மருத்துவர்கள் ஸ்டெய்னும் லெவெந்தாலும் ஏழு பெண்களைப் பற்றி எழுதினார்கள். சினைப்பைகளில் பாதியோ அதற்கு மேலோ வெட்டி எடுத்தபின் ஏழு பேருக்கும் மாதவிடாய் திரும்பியது, இருவர் கருவுற்றனர். கண்ணில் பட்டதே நோயின் பெயராயிற்று. உண்மையில் அவை கட்டிகள் அல்ல. வளர்ச்சி பாதியில் நின்ற முட்டைப்பைகள். கோளாறு ஹார்மோன்களில், பலருக்கு இன்சுலினிலும்.

1960களில் கத்திக்குப் பதிலாக குளோமிஃபீன் மாத்திரை வந்தது, பிறகு லெட்ரோசோல். குழந்தைக்குக் குறைபாடு வருமோ என்ற அச்சத்தில், கருத்தரிப்புக்காக லெட்ரோசோல் கொடுப்பதை 2011இல் இந்திய அரசு தடை செய்தது. 2014இல் அமெரிக்காவில் இந்தக் கோளாறுள்ள 750 பெண்களிடம் நடந்த ஆய்வில், குளோமிஃபீனைவிட அதில் கூடுதல் குழந்தைகள் பிறந்தன. இங்கே தடை நீங்கியது 2017இல். முப்பதைக் கடந்துகொண்டிருந்தவளுக்கு அந்த ஆண்டுகள் திரும்பி வராது.

முட்டை ஒழுங்காக வெளிவராதது மலடு அல்ல. பெரும்பாலும் மருந்துக்கு இணங்கும். கணவனின் விந்தணுப் பரிசோதனையும் அதே வாரத்தில் நடக்க வேண்டும். ஆனால் ‘கட்டி’ என்ற சொல் வீட்டுக்குள் வந்ததும் பழி அவள் பெயரில் எழுதப்பட்டுவிடுகிறது. அவனைப் பரிசோதிக்க யாரும் சொல்வதில்லை.