விம்பமும் வாக்கும் – ஒரு வரலாற்று நோக்கு

வெகுசனத் தொடர்புச் சாதனங்கள் இருபதாம் நூற்றாண்டு மனிதனுக்கு அளித்த பேறுகள் பல. செய்தியைக் கணப்பொழுதிற் கடல் கடத்தியமை அவற்றுள் ஒன்று. மனிதனை விலக்கி அவனது விம்பத்தை அவனிடத்தில் அமர்த்தியமை பிறிதொன்று. அமெரிக்க வரலாற்றறிஞர் டானியல் பூர்ஸ்டின், 1960களின் தொடக்கத்தில் விம்பம் பற்றி எழுதிய நூலில், செயலாற் சிறந்த வீரனையும் சாதனங்களால் ஆக்கப்பட்ட பிரபலனையும் வேறுபடுத்திக் காட்டினார். இவ்வேறுபாடு அரசியலில் மங்கிப்போனமைக்குத் தமிழகத்தின் அண்மைக்கால வரலாறே தக்க சான்றாகும்.

1917 இல் நமது நாட்டின் கண்டி மாவட்டத்திற் பிறந்த எம்.ஜி. இராமச்சந்திரன், 1936 இல் சிறு வேடமொன்றில் திரையுலகிற் புகுந்தார். 1953 இல் திராவிட முன்னேற்றக் கழகத்தில் இணைந்த பின்னர், அவரது படங்களுக்கும் கட்சிக்கும் இடையே இருந்த எல்லைக்கோடு படிப்படியாக அழிந்தது. ‘படகோட்டி’, ‘தொழிலாளி’ (1964), ‘விவசாயி’ (1967), ‘ரிக்‌ஷாக்காரன்’ (1971) ஆகிய படத்தலைப்புகளே ஒரு கதையைக் கூறுவன. உழைக்கும் மக்களின் ஒவ்வொரு பிரிவினரும் தம்மைத் திரையிற் கண்டனர். அங்கே அவர்கள் குனிந்து நிற்கவில்லை. கொடியவனை எதிர்த்து வென்றனர்.

இவ்விம்பத்தின் வலிமையை இரு தேர்தல்கள் புலப்படுத்துகின்றன. 1967 ஜனவரி 12 ஆந் திகதி சக நடிகர் எம்.ஆர். ராதாவினால் அவர் சுடப்பட்டார். கழுத்திற் கட்டுடன் மருத்துவமனையில் அவர் இருந்த படம் சுவரொட்டியாக ஊரெங்கும் ஒட்டப்பட்டது. களத்திற்குச் செல்லாமலே பரங்கிமலைத் தொகுதியில் அவர் வென்றார். பதினேழு ஆண்டுகளின் பின், 1984 இல், முதலமைச்சராயிருந்த அவர் நோயுற்று நியூயோர்க் மருத்துவமனையொன்றிற் கிடந்தார். அங்கு எடுக்கப்பட்ட ஒளிப்படக் காட்சிகள் தமிழகமெங்கும் திரையிடப்பட்டன. ஆண்டிபட்டியில் அவர் மீண்டும் வென்றார். சுவரொட்டி ஒளிப்படச் சுருளாக மாறியதேயன்றி முறை மாறவில்லை. இருமுறையும் வேட்பாளர் வரவில்லை. அவரது விம்பம் வந்தது.

இவ்வெற்றிகளை விம்பம் ஒன்றே ஈட்டித் தந்தது எனக் கூறுதல் வரலாற்று நோக்காகாது. 1967 இல் அரிசித் தட்டுப்பாடும் இந்தி எதிர்ப்புணர்வும், 1984 இல் இந்திரா காந்தி கொலையுண்டமையாற் பிறந்த அனுதாபமும் பெரும் பங்காற்றின. அவ்வாறே, மக்கள் அறிவிலிகளாதலின் ஏமாந்தனர் எனக் கற்றோர் சிலர் கூறுவதும் பொருந்தாது. வாழ்வில் மறுக்கப்பட்ட மதிப்பு திரையிற் கிடைத்தது. அதனையே அவர்கள் பற்றிக்கொண்டனர். 1982 இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டம் பசித்த குழந்தைகளுக்குச் சோறிட்டதும் உண்மையே. ஆயினும் அவ்வாட்சியின் பொருளாதாரக் கொள்கைகள் பெரும்பாலும் ஏழைகளுக்குச் சாதகமாக அமையவில்லை என எம்.எஸ்.எஸ். பாண்டியன் தமது ஆய்வில் (1992) எடுத்துக்காட்டினார். திரையிற் பெற்ற நீதி, நிலத்திற் பெறவேண்டிய நீதியைக் கேட்கும் குரலைத் தணித்துவிட்டது என்பதே இங்கு நாம் கவனிக்கவேண்டியதாகும்.

நமது நாட்டிற்குத் தொலைக்காட்சி 1979 இல் வந்தது. இன்று ஒவ்வொருவர் கையிலும் ஒரு திரை உண்டு. அன்று தலைவனுக்கு மட்டுமே விம்பம் தேவைப்பட்டது. இன்று மாணவனுக்கும் ஆசிரியனுக்கும் அது தேவைப்படுகின்றது. நற்பணி செய்வதிலும் அது படம்பிடிக்கப்படுவதே முதன்மை பெறும் நிலையைப் பல்கலைக்கழக வளாகத்திலேயே காண்கின்றோம். விம்பங்களை உடைத்தெறிதல் இயலாது. அவை நம்மிடையே நிலைத்துவிட்டன. ஆனால், வாக்களிக்குமுன் ‘இவர் எவ்வாறு தோன்றுகின்றார்?’ என்பதோடு அமையாது, ‘இவர் செய்தது யாது?’ என வினவுதல் நம்மால் இயலும். அவ்வினாவை எழுப்பத் தவறும் சமுதாயம், தன்னை ஆள்வோரைத் தெரிவு செய்வதில்லை, பார்த்துக்கொண்டிருக்கின்றது.